சம்பாத்தியத்தின் விலையைக் கொடுப்பவர் யார்?

அகநானூற்றின் 400 பாடல்களில் சரிபாதி, 200 பாடல்கள், பாலைத்திணை. 1, 3, 5 என ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் எல்லாம் பாலையாக அமையும்படி தொகுத்தவர்கள் வரிசைப்படுத்தினார்கள். பாலை என்றால் பிரிவு. அந்தப் பிரிவுகளில் பெரும்பாலானவை பொருள்வயிற் பிரிவு. ஒருவன் சம்பாதிக்கப் புறப்படுகிறான், வழி கொடியது, போவதா இருப்பதா என்று தன் நெஞ்சோடு வழக்காடுகிறான். வீட்டில் இருப்பவள் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை 301 அடிகள் கொண்டது. காவிரிப்பூம்பட்டினத்தின் துறைமுகம், கடைவீதி, பண்டகசாலை என்று செல்வத்தை அடுக்கிக்கொண்டே போகும் அந்தப் பாட்டு, இந்தப் பட்டினமே கையில் கிடைத்தாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்று ஒருவன் எடுத்த முடிவைச் சொல்வதற்காகப் பாடப்பட்டது.

பணமா, நிறைவான வாழ்க்கையா என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல என்று காட்ட மட்டும் இதைச் சொல்லவில்லை. இன்றைய சுயமுன்னேற்றப் புத்தகங்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒன்றைச் சங்கக் கவிஞர்கள் பார்த்துவிட்டார்கள். சம்பாதிக்கப் போகிறவன் ஒருவன். அதற்கு விலை கொடுப்பவள் வேறொருத்தி. தராசின் ஒரு தட்டில் என் பணமும் மறு தட்டில் என் மகிழ்ச்சியும் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் 'சமநிலை' பற்றிப் பேசுகிறோம். மறு தட்டில் இருப்பது பல நேரம் அடுத்தவருடைய வாழ்நாள். இலக்கியம், பொருளியல், உளவியல், சட்டம் ஆகியவை இந்தக் கேள்விக்குச் சொன்ன விடைகளை இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்த்துவர வேண்டும் என்பது என் எண்ணம்.

திருக்குறளின் 133 அதிகாரங்களில் பொருட்பால் மட்டும் 70. அதில் அரசும் அமைச்சும் படையும் அடக்கம் என்றாலும், 76ஆவது அதிகாரமான 'பொருள் செயல்வகை' பணம் சேர்ப்பதைப் பற்றியே நேராகப் பேசுகிறது. வள்ளுவர் பணத்தை இழித்துப் பேசவில்லை. அன்பில்லாத வழியில் வந்த பொருளைத்தான் ஒதுக்கச் சொன்னார். 101ஆவது அதிகாரமான 'நன்றியில் செல்வம்', தானும் துய்க்காமல் பிறருக்கும் கொடுக்காமல் குவித்து வைப்பவனைப் பற்றியது. பணம் எப்படி வந்தது, எங்கே போகிறது என்பவையே அவருக்கு முக்கியமான கேள்விகள். எவ்வளவு என்று அவர் அளவு சொல்லவில்லை.

துறவை முன்வைக்கும் மரபும் நம்மிடம் வலுவாக உண்டு. பெருவணிகராக இருந்த பட்டினத்தார் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கோவணத்தோடு கிளம்பிய கதை மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. கேட்டு மனம் கரையாதவர் குறைவு. ஆனால் அது, உதறுவதற்கு நிறைய வைத்திருந்த ஒருவருடைய கதை. மளிகைக்கடைப் பாக்கிக்காக வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போகிறவரிடம் போய்ப் பற்றறுக்கச் சொல்வது கொடுமை.

பணம் இல்லாமை மனிதனை என்ன செய்கிறது என்று பார்க்கத் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வு நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் சாவ் ஆகிய நால்வர் நடத்திய அந்த ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கரும்பு போட்டவருக்குப் பணம் வெட்டு முடிந்த பிறகே மொத்தமாக வரும். அதற்கு முந்தைய மாதங்கள் கை வறண்ட மாதங்கள். ஆலை எல்லோருக்கும் ஒரே நாளில் வெட்டு உத்தரவு கொடுப்பதில்லை. ஒருவருக்கு இந்த மாதம், பக்கத்து வயல்காரருக்கு இரண்டு மாதம் கழித்து. அதனால் பருவமோ மழையோ திருவிழாவோ குழப்பாமல், பணம் கைக்கு வருவதற்கு முன்னும் பின்னும் ஒரே ஆளை ஒப்பிட முடிந்தது.

வெட்டுக்கு முன்பு அவர்களில் 78 விழுக்காட்டினர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பிறகு 4 விழுக்காட்டினர். படங்களைப் பார்த்து ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையையும், கவனத்தை அளக்கும் பரிசோதனையையும் இரண்டு முறையும் கொடுத்தார்கள். பணம் வந்த பிறகு அதே விவசாயி தெளிவாகக் கூடுதல் மதிப்பெண் எடுத்தார். இடையில் அவர் எதையும் படிக்கவில்லை, அறிவு வளர்ந்துவிடவில்லை. கடன் தவணையும் அடகுச் சீட்டும் தலைக்குள் பிடித்துவைத்திருந்த இடம் காலியானது, அவ்வளவுதான். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைகளைச் சோதித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு இப்படிப்பட்ட வேறுபாட்டைக் காணவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் சம்பளத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை வரும் கரும்புப் பணத்தையும் ஒரே தரத்தில் வைக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. நகையை மூட்டுவதற்குள் ஏலத் தேதி வந்துவிடுமோ என்று தூக்கம் கெட்ட எவருக்கும் விழுப்புரத்து முடிவில் வியப்பு இருக்காது.

ஆக, பணம் செய்யும் முதல் வேலை பயத்தை எடுப்பது. இந்த வேலையைச் செய்ய வேறெதனாலும் முடியாது. எளிமையைப் பற்றிய பேச்சு எதுவும் இந்த எல்லையைத் தாண்டிய பிறகே தொடங்க வேண்டும்.

தாண்டிய பிறகு? இங்கேதான் ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டுகளாக மோதிக்கொண்டிருக்கிறார்கள். 1974இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் ஒரு புதிரை எடுத்து வைத்தார். ஒரு நாட்டுக்குள் பார்த்தால் பணக்காரர் ஏழையைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார். ஆனால் அமெரிக்கா இரண்டாம் உலகப் போருக்குப் பின் அத்தனை வளர்ந்தும் மக்கள் சொல்லும் மகிழ்ச்சியின் அளவு கூடவில்லை. பெட்ஸி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் இருவரும் 2008இல் இதை மறுத்தார்கள். 2010இல் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் சுமார் 4,50,000 பதில்களை ஆராய்ந்து, ஆண்டுக்கு 75,000 டாலர் வரை அன்றாட மனநிலை உயர்கிறது, அதற்குமேல் உயர்வதில்லை என்றார்கள். அந்த எண் உலகம் முழுவதும் பரவியது. ஆனால் அதே கட்டுரை, 'என் வாழ்க்கை எப்படி இருக்கிறது' என்று நின்று மதிப்பிடச் சொன்னால் வருமானம் கூடக் கூட அந்த மதிப்பு உயர்ந்துகொண்டே போகிறது என்றும் சொன்னது. அதை யாரும் பரப்பவில்லை.

2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வர்த் கைப்பேசி வழியாக 33,000க்கும் மேற்பட்டவர்களை அன்றாடம் இடையிடையே கேட்டுப் பார்த்து, 75,000 டாலரில் எந்தத் தடுப்பும் தெரியவில்லை என்று எழுதினார். அதன் பிறகு நடந்தது அறிவுலகில் அரிதான காரியம். கானமன், தன்னை மறுத்தவரோடு சேர்ந்து உட்கார்ந்து, இருவர் தரவையும் மறுபடி பார்த்தார். பார்பரா மெல்லர்ஸ் நடுவராக இருந்தார். 2023இல் வந்த முடிவு: பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது. மிகவும் துன்பத்தில் இருக்கும் சிறுபான்மையினருக்கு மட்டும் சுமார் 1,00,000 டாலரோடு நின்றுவிடுகிறது. பிரிவு, மனச்சோர்வு, சாவு போன்ற துயரங்களில் பணத்தால் கொஞ்ச தூரம்தான் கூட வர முடியும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

லாட்டரிக்காரர்கள் கதையும் இப்படித் திருத்தப்பட்டதுதான். 1978இல் பிரிக்மன் குழுவினர் வெறும் 22 பரிசுக்காரர்களைக் கேட்டு, பரிசு விழுந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை என்றார்கள். பேச்சாளர்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். சுவீடனில் மிகப் பெரிய எண்ணிக்கையில் பரிசுக்காரர்களை ஆராய்ந்து 2020இல் வெளியான கட்டுரையோ, பெரும் பரிசு வென்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பத்தாண்டுக்கும் மேல் உயர்ந்தே இருந்ததைக் காட்டியது. பணம் மகிழ்ச்சி தராது என்ற வாசகத்தைத் தரவு தாங்கவில்லை. தரும், ஆனால் வருமானம் இரட்டிப்பாகும்போதுதான் ஒரே அளவு படி ஏறுகிறது. இருபதாயிரம் நாற்பதாகும்போது கிடைக்கும் அதே ஏற்றத்துக்கு, இரண்டு லட்சக்காரர் நான்கு லட்சத்தை எட்ட வேண்டும். அந்தக் கூடுதல் இரண்டு லட்சத்துக்கு அவரும் அவர் வீடும் எதைக் கொடுத்தார்கள் என்பதை இந்த ஆய்வுகள் அளக்கவில்லை.

அடுத்த வீட்டைப் பார்ப்பது வேறொரு சிக்கல். சோல்னிக், ஹெமன்வே இருவரும் 1998இல் கேட்ட கேள்வி பெயர்பெற்றது. நீங்கள் 50,000 சம்பாதிக்க மற்றவர்கள் 25,000 சம்பாதிக்கும் உலகம் வேண்டுமா, நீங்கள் 1,00,000 சம்பாதிக்க மற்றவர்கள் 2,00,000 சம்பாதிக்கும் உலகம் வேண்டுமா? ஏறக்குறைய பாதிப் பேர் முதல் உலகத்தைக் கேட்டார்கள். அதே ஆட்கள் விடுமுறை நாட்கள் விஷயத்தில் இவ்வளவு ஒப்பிடவில்லை. மண்டபத்தின் அளவை வைத்தும் சீர்வரிசைத் தட்டுகளை எண்ணியும் குடும்பத்தை எடைபோடும் ஊரில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

செட்டிநாட்டுக்கு வருவோம். பொருள் தேடலின் இரு பக்கங்களையும் இவ்வளவு துலக்கமாகக் காட்டும் வேறு இடம் எனக்குத் தெரியாது. அங்குள்ள செட்டியார்களான நகரத்தார் கடல் கடந்து வட்டித் தொழிலுக்குப் போவதைக் 'கொண்டு விற்கப் போவது' என்பார்கள். பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கடைகள் இருந்தன. சிறுவனாகப் போகிறவன் பெட்டியடிப் பையன், பிறகு அடுத்தாள், பிறகு மேலாள். சம்பளச் சீட்டு எழுதி, வழக்கமாக மூன்று ஆண்டுக் கெடுவில் போவார்கள். கெடு முடிந்து ஊர் வந்து சில காலம் இருந்துவிட்டு மறுபடி கப்பல். மனைவி ஊரில். பிள்ளை பிறப்பதும் பேசத் தொடங்குவதும் கடிதத்தில் தெரியவரும். பெரிய வீட்டுக்குள் மணமான மகன்களை 'வேறு வைத்து' தனி அடுப்பு, தனிக் கணக்கு என்று நடத்திய குடும்பங்களில் வரவு செலவையும் சடங்கு சம்பிரதாயத்தையும் பார்த்துக்கொண்டது பெண்கள். ஆத்தங்குடிக் கல்லும் பர்மா தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பதித்த வளவுகளைச் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கிறார்கள். அந்த வளவுகளில் அவை கட்டப்பட்ட காலத்திலேயே ஆண்கள் பாதி நாள் இல்லை.

1930இன் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1930களின் முடிவில் அது கால்பங்கு. அவர்கள் நிலம் தேடிப் போனவர்கள் இல்லை; கொடுத்த ரொக்கத்துக்குப் பதிலாக நிலம் வந்து சேர்ந்தது. ஆனால் நிலம் போன பர்மிய உழவனுக்கு அந்த வேறுபாடு பெரிதல்ல, வெறுப்புதான் வளர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. பிறகு சுதந்திர பர்மாவின் நிலச் சட்டங்களும் நே வின் ஆட்சியின் தேசியமயமும் மிச்சத்தை எடுத்துக்கொண்டன. இரண்டு மூன்று தலைமுறை, மூன்று மூன்று ஆண்டுகளாக வீட்டை விட்டிருந்து சேர்த்தது போயிற்று.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்வது நியாயம். லாபத்தில் ஒரு பங்கை 'மகமை' என்று எடுத்துவைக்கும் பழக்கம் கணக்கிலேயே இருந்தது. கோயில்கள், பாடசாலைகள், சத்திரங்கள் அதில் எழுந்தன. அழகப்பச் செட்டியார் 47 வயதில், 1957இல் இறந்தார். அதற்குள் காரைக்குடியில் கல்லூரி தொடங்கி, மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்திருந்தார். வளவுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. அந்தக் கல்வி வளாகத்தில் இன்றும் சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று வள்ளுவர் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை தேட வேண்டியதில்லை.

பொருளியலாளர்களில் இந்தக் கேள்வியைத் தன் வாழ்க்கையாலேயே எழுதிப் பார்த்தவர் ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று பம்பாயில் தொழில் நடத்தினார். பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கும்போது, இந்தியாவின் வறுமைக்குக் காரணம் அரசின் வரவு செலவில் இருக்கிறது என்று கண்டார். 1929இல் காந்தியைச் சந்தித்தபின் நல்ல வருமானத்தை விட்டுவிட்டுக் கதர் உடுத்தினார். அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை 1934 முதல் நடத்தினார். சிறையில் இருந்தபோது எழுதியது 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய அவருடைய நூல். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்து 1960 ஜனவரி 30இல் இறந்தார்.

குமரப்பாவிடம் எனக்குப் பிடித்தது, அவர் கடைசிவரை தணிக்கையாளராகவே இருந்தார் என்பது. ஒரு பண்டத்தின் விலை மலிவு என்றால், விடுபட்ட செலவு யார் தலையில் விழுந்தது என்று தேடுவார். மண்ணின் மீதா, காலனி நாட்டின் மீதா, கூலியாளின் உடம்பின் மீதா? உயர்ந்த வாழ்க்கைத் தரம், தாழ்ந்த வாழ்க்கைத் தரம் என்று பிரிப்பதை அவர் ஏற்கவில்லை; சிக்கலான வாழ்க்கை, எளிய வாழ்க்கை என்று பிரிப்பதே சரி என்றார். வேலையைச் சம்பளத்துக்காகப் பொறுத்துக்கொள்ளும் தொல்லையாக அவர் பார்க்கவில்லை. ஆளை வளர்ப்பது வேலை என்றார். ஈ.எஃப். ஷூமாக்கர் தன் 'பௌத்தப் பொருளியல்' கட்டுரையில் குமரப்பாவை மேற்கோள் காட்டினார். 1973இல் வந்த 'சிறியதே அழகு' நூலில் அந்தக் கட்டுரை சேர்ந்தது. மேற்கில் அந்த நூலைப் படித்தவர்கள் பலர். குமரப்பாவைத் தமிழ்நாட்டுப் பொருளியல் வகுப்புகளில் கேட்டால் பெயர் தெரிந்தவர்கள் சிலரே. இது நமக்கு நஷ்டம்.

குமரப்பா காந்தியிடம் வந்துசேர்ந்த அதே காலத்தில், 1930இல், ஜான் மேனார்ட் கெயின்ஸ் தன் பேரப்பிள்ளைகளின் காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நூறு ஆண்டில் வளம் நான்கு முதல் எட்டு மடங்கு பெருகும், வாரத்துக்கு 15 மணி நேர வேலை போதும் என்றார். வளம் பற்றிய கணக்கு பலித்தது. வேலை நேரம் பற்றியது பலிக்கவில்லை. பெருகிய வளம் சமமாகப் பங்கிடப்படாதது ஒரு காரணம். பங்கு கிடைத்தவர்களும் அதை ஓய்வாக வாங்காமல் பொருளாகவே வாங்கியது இன்னொரு காரணம்.

வேலை நேரம் தானாகக் குறையாது, போராடித்தான் குறைக்க வேண்டும் என்பதைத் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் அறிந்திருந்தார். 1923 மே 1இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தை அவர் கொண்டாடினார். சுதந்திரத்துக்குப் பின் 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை போட்டது. அந்த முதல் மே தினத்துக்கு ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21இல், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்று பேசியது வெளியாகி விவாதமானது.

இந்தப் பேச்சை உடம்பின் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம். மாரடைப்பு வகை இதய நோயால் சாகும் அபாயம் 17 விழுக்காடு அதிகம். 2016 ஒரே ஆண்டில் இப்படிச் செத்தவர்கள் 7,45,000 பேர். ஜப்பானில் வேலை மிகுதியால் வரும் சாவுக்குக் 'கரோஷி' என்று பெயரே உண்டு. மாதம் 100 மணி நேரத்துக்கு மேற்பட்ட கூடுதல் வேலைக்குப் பின் ஒருவர் இதயம் நின்று இறந்தால் அதை வேலையோடு தொடர்புடைய சாவாகக் கருத அங்கே விதி இருக்கிறது. 70 மணி நேரம் உழைத்துத் தொழில் வளர்த்தவருக்கு அந்தத் தொழில் சொந்தம். அதே நேரம் உழைக்கும் ஊழியருக்கு எது சொந்தமாகிறது என்பதை அறிவுரை சொல்பவர்கள் விளக்க வேண்டும்.

தனிமனிதர் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? உண்டு. விக்கி ராபின், ஜோ டொமிங்குவெஸ் இருவரும் 1992இல் எழுதிய நூல் சொல்லித்தரும் ஒரு கணக்கை எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குப் போய்வரும் ஒருவருக்குக் கையில் 60,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 22 நாள், நாளைக்கு 9 மணி நேரம். 198 மணி நேரம். மணிக்கு 303 ரூபாய். இனி போக்குவரத்துக்கு நாளைக்கு 3 மணி நேரம் சேருங்கள். 264 மணி நேரம். பெட்ரோல், வெளிச் சாப்பாடு, அலுவலகத்துக்கென்று வாங்கும் துணி, களைப்பில் வரவழைக்கும் இரவு உணவு என்று 9,000 ரூபாயைக் கழியுங்கள். மணிக்கு 193 ரூபாய்தான். 20,000 ரூபாய் கைப்பேசி என்பது 104 மணி நேரம்; காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு ஏழுக்கு வீடு திரும்பும் ஏறக்குறைய ஒன்பது நாள். வாங்கலாமா கூடாதா என்று நூல் சொல்வதில்லை. விலைச்சீட்டில் ரூபாய்க்குப் பதில் நாட்கள் தெரியத் தொடங்கும். பலருக்கு அதுவே போதும்.

சீக்கிரமே வேலையை விட்டுவிடும் கனவும் இந்த வழியில் வளர்ந்ததுதான். ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்த்துவிட்டால் அதிலிருந்து ஆண்டுக்கு 4 விழுக்காடு எடுத்து வாழலாம் என்பது சூத்திரம். மாதம் 50,000 செலவு என்றால் ஒன்றரைக் கோடி. வில்லியம் பெங்கன் 1994இல் இந்த 4 விழுக்காட்டை அமெரிக்கச் சந்தை வரலாற்றை வைத்து, 30 ஆண்டு ஓய்வுக்காகக் கணக்கிட்டார். நாற்பது வயதில் வேலையை விடும் இந்தியருக்கு இன்னும் 45 ஆண்டு கிடக்கலாம். நம் விலைவாசி வேறு, மருத்துவச் செலவு வேறு, தங்கை கல்யாணமும் பெற்றோர் மருத்துவமும் நம் கணக்கில்தான் வரும். இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. நாற்பதில் வாழலாம் என்று இருபத்தைந்து முதல் நாற்பதுவரை வாழ்க்கையைத் தள்ளிப்போடுவதும் பொருள்வயிற் பிரிவுதான். அந்தப் பதினைந்து ஆண்டில்தான் குழந்தைகள் வளர்கிறார்கள், பெற்றோர் மூப்படைகிறார்கள்.

1938இல் தொடங்கி இன்றும் தொடரும் ஹார்வர்டு ஆய்வு 268 கல்லூரி மாணவர்களையும், பின்னர் பாஸ்டன் நகரின் ஏழைப் பகுதிப் பையன்கள் 456 பேரையும் வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தது. ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவாக இருந்தவர்களே எண்பதில் உடல்நலத்தோடு இருந்தார்கள் என்கிறார் அதன் இப்போதைய இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர். தொடக்கத்தில் வெள்ளை ஆண்களை மட்டுமே எடுத்துக்கொண்டது அதன் பெருங்குறை. உறவுக்கு நேரம் வேண்டும் என்பது மட்டும் எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

நேரம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால் கணக்கு மறுபடி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளைக்குச் செலவிட்டது 299 நிமிடம். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். ஒருவர் இரவு பத்து மணிவரை அலுவலகத்தில் இருந்து 'குடும்பத்துக்காகத்தான் ஓடுகிறேன்' என்று சொல்ல முடிவது, வேறொருவர் அந்த ஐந்து மணி நேரத்தைக் கணக்கில் வராமல் கொடுப்பதால்தான். தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது. தொகை சிறிது, ஆனால் அந்த உழைப்பை ஓர் அரசு கணக்கில் ஏற்றியது என்பது பெரிது.

மற்ற நாடுகள் நேரத்தைச் சட்டத்தால் மீட்கப் பார்க்கின்றன. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 ஊழியர்களுக்குச் சம்பளம் குறைக்காமல் வார வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், வேலை கெடவில்லை. பிரிட்டனில் 2022இல் 61 நிறுவனங்கள் இதுபோன்ற சோதனையில் இறங்க, 56 நிறுவனங்கள் முடிந்தபிறகும் தொடர்ந்தன. வேலை நேரத்துக்குப் பின் அலுவலக அழைப்பை ஏற்காமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017இலும் ஆஸ்திரேலியாவில் 2024இலும் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் அது தனிநபர் மசோதாவாக மக்களவைக்கு வந்ததோடு நிற்கிறது.

நாமும் ஒரு சட்டம் செய்திருக்கிறோம். துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை கடை திறந்தது முதல் இரவு ஷட்டர் இறக்கும்வரை நின்றுகொண்டே இருக்கும் விற்பனைப் பெண்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் அலமாரியில் சாய்ந்தால் மேற்பார்வையாளர் பார்வை விழும். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டு, புடவையை மடித்துக்கொண்டே நிற்பார்கள். சில ஆண்டில் பலருக்குக் கெண்டைக்கால் நரம்பு புடைத்துச் சுருண்டுவிடும். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் இந்த வாழ்க்கையைத் திரையில் காட்டியது. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி 2018இல் சட்டத் திருத்தம் பெற்றார்கள். தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்றது.

நம் வருமானத்துக்கு எது போதும், நம் நேரத்தை எதற்குக் கொடுக்கலாம் என்று நாம் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளலாம். அந்த முடிவு எடுக்கும் வசதி இல்லாதவர்கள்தான் நமக்குப் புடவை எடுத்துப் போடுகிறார்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அவர்களுக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எழுதுங்கள். அது அந்தப் பெண்ணின் சட்ட உரிமை.